குடம் ஒரு கையில், ஸ்பானர் ஒரு கையில்

அடிபம்பின் தலைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சைக்கிள் செயினைவிடத் தடித்த ஒரு செயின், கைப்பிடியின் முனையில் இருக்கும் வளைந்த தகட்டின் மேல் படிந்து, போர்க்குழிக்குள் இறங்கும் கம்பியைத் தூக்கி இறக்குகிறது. ஓர் அச்சு, பேரிங்குகள், சில நட்டு போல்ட்டுகள், அவ்வளவுதான். செயினுக்கு அவ்வப்போது கிரீஸ் தடவி, தளர்ந்த நட்டை இறுக்கி வந்தால் தரைக்கு மேலே இருக்கும் பாகம் வருஷக்கணக்கில் ஓடும். அந்தப் பெட்டியைத் திறக்க ஒரு ஸ்பானர் போதும். இந்தியக் கிராமங்களில் அரை நூற்றாண்டாக அந்தக் கைப்பிடியை அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஸ்பானரை வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். தொழில்நுட்பத்திலும் சூழல் காப்பதிலும் பாலினப் பார்வை வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசும்போது, எல்லாம் முடிந்தபின் மேலே பூசுகிற வர்ணம் போலத்தான் அது ஒலிக்கிறது. ஆனால் இந்தியா மார்க் 2 என்கிற அடிபம்பின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால், அந்தக் கேள்வி இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருப்பது தெரியும். பம்பு கெட்டால் எத்தனை நாளில் சரியாகும் என்பது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார், அவரிடம் ஸ்பானர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பம்பைச் செய்தவர்கள் இந்த உண்மைக்கு வந்து சேர ஏறத்தாழ பத்து வருஷம் ஆயிற்று.

1966-67ல் பீகாரை உலுக்கிய வறட்சிக்குப் பிறகுதான் கிராமக் குடிநீர் என்பது அரசாங்கத்தின் பெரிய வேலையாக மாறியது. தக்காணமும் அதைச் சுற்றிய பகுதிகளும் பாறை நிலம். திறந்த கிணறு கோடையில் வற்றிவிடும். தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழத்தில் கிடக்கும். காற்றழுத்தச் சுத்தியலால் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகளை யூனிசெஃப் கொண்டுவந்து இறக்கியது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தத் துளைக்குள் வாளி விட முடியாது, பம்பு வைத்தே ஆக வேண்டும். அப்போது சந்தையில் கிடைத்ததோ ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கென்று வார்க்கப்பட்ட இரும்புப் பம்பின் உள்ளூர் நகல். ஒரு குடும்பம் காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி இறைப்பதற்காகப் பிறந்த சாதனம் அது. இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை ஓர் ஊரே அதை அடித்தது. வார்ப்பிரும்பு வெடித்தது, அச்சு தேய்ந்தது, கைப்பிடி கழன்று விழுந்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யாமல் கிடந்தன என்று தெரியவந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து பாறையைத் துளைத்து, மேலே ஓட்டை இரும்பை நட்டு வைத்த கதையாக முடிந்திருந்தது.

தீர்வு ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷனரிகளோடு தொடர்புடைய பட்டறைகளில், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து, ஒரே அச்சில் ஆடும் கைப்பிடியும் செயினும் வைத்துப் பம்பு செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோலாப்பூர் பம்பைக் கருவாக எடுத்துக்கொண்டு யூனிசெஃப்பும், சென்னையில் இருந்த மெராடோ என்ற இயந்திரவியல் ஆய்வு நிறுவனமும், அரசுக்குச் சொந்தமான ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையும் சேர்ந்து உருவாக்கியதே மார்க் 2. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் கோவைப் பக்கத்தில் அதை நட்டுச் சோதித்தார்கள். 1970களின் கடைசியில் உற்பத்தி சூடு பிடித்தது. இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. பிறகு ஆப்பிரிக்காவரை போய், உலகத்திலேயே அதிகம் நடப்பட்ட அடிபம்புகளில் ஒன்றானது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பம்பு தோற்றதற்கு உலோகம் மட்டும் காரணமில்லை. அடிக்கப்போகிறவர் யார் என்பதைத் தப்பாக எடை போட்டதே முதல் காரணம். மார்க் 2 ஜெயித்ததற்கும் அதே கேள்விக்குச் சரியான பதில் கிடைத்ததே காரணம். நாள் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள், சிறுபிள்ளைகள் உட்பட, அடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஒத்துக்கொண்டுதான் கைப்பிடியைக் கனத்த எஃகுக் கட்டையாகச் செய்தார்கள். கம்பியின் பாரத்தை அந்தக் கட்டையே ஓரளவு ஈடுகட்டிவிடும். மெலிந்த கையும் ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவரலாம். ஆக, பயன்படுத்துகிறவரைப் பற்றிய ஒரு சமூகக் கேள்வியிலிருந்து பிறந்த எஞ்சினியரிங் வெற்றி இது. பெண்களைப் பற்றிப் பேசாமலே நல்ல பம்பு செய்துவிட்டார்களே என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். அந்தப் பொறியாளர்கள் குடம் வைத்திருப்பவரைப் பற்றி நன்றாகவே யோசித்தார்கள். பம்பு ஓடாத நாளில் அதே ஆள் என்ன செய்வார் என்பதை யோசிக்கவில்லை.

பழுது பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு மூன்றடுக்கு ஏற்பாடு உருவானது. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடும் கருவிகளோடும் ஒரு நடமாடும் குழு. ஊர்ப் பராமரிப்பாளருக்குச் சம்பளம் கிடையாது. நட்டை இறுக்கலாம், கிரீஸ் தடவலாம். அதற்கு மேல் கோளாறு என்றால், முகவரி எழுதித் தயாராகக் கொடுத்துவைத்திருக்கும் தபால் அட்டையை நிரப்பிப் போட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் பம்பின் கோளாறுகளில் பெரும்பகுதி தரைக்குக் கீழே, சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர் தேய்வதால் வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வாஷர், விலையும் அற்பம். அதை மாற்ற, மார்க் 2-ல் குழாய் முழுவதையும் கம்பியோடும் சிலிண்டரோடும் மேலே இழுக்க வேண்டும். மூன்று மீட்டர் நீளக் குழாய்களாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். முப்பது மீட்டர் ஆழம் என்றால் இரும்பு மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். கிளாம்ப் நழுவினால் எல்லாம் போருக்குள் விழுந்துவிடும். அதனால் வண்டி வந்தாக வேண்டும். வண்டி ஒன்று, பம்புகள் நூற்றுக்கணக்கில். டீசல் இல்லை, ஜீப் கலெக்டர் வேலைக்குப் போய்விட்டது, உதிரி பாகம் கிடங்கில் தீர்ந்துவிட்டது என்று அட்டை மேஜையிலேயே தூங்கும். அட்டையை எழுத எழுத்து தெரிய வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1981 கணக்கெடுப்பின்படி நாட்டுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. பம்பு கெட்டதை முதலில் உணர்கிறவர் அதைத் தெரிவிக்க முடியாதபடி அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே செய்யப்பட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு பம்பு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கெடுகிறது, ஆனால் வண்டி வர நாற்பது நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பம்பு அதைவிட மட்டம், வருஷத்துக்கு மூன்று தடவை கெடுகிறது. ஆனால் ஊரிலேயே ஆள் இருப்பதால் இரண்டிரண்டு நாளில் சரியாகிறது. முதலாவது நாற்பது நாள் தண்ணீர் தராது, இரண்டாவது ஆறு நாள். சோதனைக்கூடத்தில் முதலாவதற்குத்தான் பரிசு கிடைக்கும். குழாயடியில் நிற்பவர் இரண்டாவதைத்தான் கேட்பார். ஒரு கருவியின் தரத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை கெடுகிறது என்று மட்டும் அளந்தவர்கள், கெட்டபின் எத்தனை நாள் கிடக்கிறது என்பதை நிர்வாகத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படிக் கட்டிவிட முடிந்ததற்கும் காரணம் உண்டு. அந்த நாற்பது நாளின் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. பக்கத்து ஊருக்கு நடப்பதும், வாய்க்கால் தண்ணீரை வடிகட்டி எடுத்து வருவதும், அதனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பதும் கூலி இல்லாத வேலைகள். ஜீப்புக்கு டீசல் போட்டால் வவுச்சர் வேண்டும். பெண்ணின் காலுக்கு வவுச்சர் வேண்டாம். நஷ்டப்படுகிறவர் ஒரு பக்கம், முடிவெடுக்கிறவர் வேறு பக்கம் என்றால் எந்த இயந்திர அமைப்பும் தன்னைத் திருத்திக்கொள்ளாது. பாலினப் பார்வை என்று நான் சொல்வது இதைத்தான்: நஷ்டம் எங்கே விழுகிறது என்று தேடிப் பார்த்து, அதை வடிவமைப்புக் கணக்குக்குள் எழுதுவது.

இந்தக் கணக்கு பொறியாளர்களுக்கும் எட்டியது. அதற்கும் களமாக அமைந்தது கோவைதான். 1981 முதல் 1990 வரை ஐக்கிய நாடுகள் சபையின் குடிநீர்ப் பத்தாண்டு. அதன் பகுதியாக உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பல நாடுகளில் அடிபம்புகளைச் சோதித்தன. கிராமத்தவர்களே ஓட்டி, கிராமத்தவர்களே பழுது பார்க்கும்படி பம்பு இருக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையிலிருந்து வந்த தத்துவம். கோவை வட்டாரத்தில் மார்க் 2-ஐயும் அதன் மாற்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, எது எப்போது கெடுகிறது, சரிசெய்ய எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று வருஷக்கணக்கில் குறித்துக்கொண்டார்கள். தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது அந்தச் சோதனையால்தான். பழுதுகளின் எண்ணிக்கை அதிலேயே வெகுவாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மார்க் 3. குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, தலைப்பெட்டியையும் மாற்றி அமைத்ததால், குழாயைத் தொடாமலே கம்பியை மட்டும் உருவி வாஷரை வெளியே எடுக்க முடிந்தது. வண்டி வேண்டாம், பெரிய குழு வேண்டாம். ஊரில் ரெண்டு மூன்று பேர் போதும். பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்விக்குக் குழாயின் விட்டமே பதில் சொல்கிறது. விட்டத்தில் அரசியல் இருக்கிறதா என்று சிரிக்கிறவர்கள் இந்த இரண்டு பம்புகளையும் ஒரு தடவை கழற்றிப் பார்க்கட்டும். ஆனால் மார்க் 3 பெரிதாகப் பரவவில்லை. அகலக் குழாய் இரட்டிப்பு எடை, விலையும் அதிகம், ரொம்ப ஆழத்துக்கு உதவாது. குழாயே அரித்து ஓட்டை விழுந்தால் அதை இழுப்பது மார்க் 2-ஐவிடப் பெரும்பாடு. கொள்முதல் செய்கிறவருக்குக் கண்ணில் படுவது வாங்கும் விலை. பராமரிப்பில் மிச்சமாவது இன்னொருவர் காலத்தில், இன்னொருவர் கணக்கில். மார்க் 2 தொடர்ந்து நடப்பட்டது.

எதிர்வாதங்களில் அடிக்கடி கேட்பது உடல் பலம் பற்றியது. குழாய் இழுப்பதும் பைப் ரெஞ்ச் பிடிப்பதும் பெண்களுக்கு ஆகாத வேலை என்பார்கள். நூறு கிலோ இரும்பை ஒற்றை ஆணும் தூக்குவதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கிளாம்ப், தூக்கும் ஸ்பானர், நாலு பேர் எல்லாம். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று கல்லும் முள்ளுமான பாதையில் நடப்பவர்களுக்குப் பாரம் தூக்கத் தெரியாது என்பது வேடிக்கையான வாதம். தண்ணீரின் பாரம் பாரமாகத் தெரியாமல் போனது கூலி இல்லாததால்தான். இதை வாதத்தால் நிரூபிக்கத் தேவையும் இல்லை, நடந்தே காட்டிவிட்டார்கள். ராஜஸ்தானில் திலோனியாவில் இருந்த சமூகப் பணி ஆய்வு மையம், மூன்றடுக்கை உடைத்து, ஊர்ப்பக்கத்து ஆளையே பயிற்சி பெற்ற ‘ஹேண்ட்பம்ப் மிஸ்திரி’ ஆக்கும் ஏற்பாட்டை முன்வைத்தது. 1980களில் பான்ஸ்வாரா பகுதியில் நடந்த ஸ்வச் என்ற நீர், சுகாதாரத் திட்டத்தில் பழங்குடிப் பெண்களே மெக்கானிக் ஆனார்கள். அவர்கள் கழற்றி மாட்டியது எளிதாக்கப்பட்ட மார்க் 3-ஐ அல்ல, ஆண்களின் குழுவுக்கென்று கருதப்பட்ட அதே மார்க் 2-ஐ.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது, பெண்ணியவாதிகளிடமிருந்தே வருவது. ஏற்கெனவே தண்ணீர் சுமக்கிறவள் தலையில் பம்பு பார்க்கிற பொறுப்பையும் ஏற்றுவதா? ஆண் மெக்கானிக் என்றால் அரசுச் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம்; பெண் என்றால் தன்னார்வம், பங்கேற்பு, ஊர்நலம். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை நிறைய இருக்கிறது. 1990களின் கடைசியில் தொடங்கிய குடிநீர்ச் சீர்திருத்தங்களும் 2002ல் வந்த ஸ்வஜல்தாரா திட்டமும், திட்டச் செலவில் பத்து சதவீதத்தை ஊர் தர வேண்டும், பராமரிப்புச் செலவை முழுக்க ஊரே ஏற்க வேண்டும் என்றன. கிராமத்தின் கையில் ஸ்பானரைக் கொடுக்கச் சொன்ன வாதமே அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ள நல்ல சாக்கானது. உலக வங்கிக்காரர்களின் தத்துவப் பெயரிலேயே இந்த வழுக்கல் பதிவாகியிருக்கிறது. கிராமமே ‘பராமரிக்கும்’ என்று தொடங்கியது, பிறகு கிராமம் ‘பராமரிப்பை நிர்வகிக்கும்’ என்று விரிக்கப்பட்டது. அதாவது ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதும் ஊரின் வேலை. ஆனால் இந்தக் குறை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் இல்லை, கூலி கொடுக்காததில் இருக்கிறது. பெண் மெக்கானிக் வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் பம்பு கெட்ட நாட்களில் அவள் நடக்கிற நடை நின்றுவிடாது. கூலியில்லாத வேலை அப்படியே இருக்கும், கூலி கிடைக்கக்கூடிய வேலைதான் கையைவிட்டுப் போகும்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: ஆணோ பெண்ணோ, பொறுப்பானவர் இருந்தால் போதாதா, பெண் இருந்தால் மட்டும் தண்ணீர் பொங்கிவிடுமா? இதற்குப் பஞ்சாயத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டது. எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது ஊரின் குணத்தைப் பொறுத்ததல்ல என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் அப்படி ஒப்பிட்டு 2004ல் வெளியிட்ட ஆய்வில், பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிநீர் வசதிகள் கூடுதலாக அமைக்கப்பட்டதைக் கண்டார்கள். இரண்டு இடங்களிலும் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக முறையிட்டதும் குடிநீரைப் பற்றித்தான். பரிமாறுகிறவர் நம்மவராக இருந்தால் கடைசிப் பந்தியிலும் உட்காரலாம் என்பார்கள். அந்தப் பழமொழிக்குப் புள்ளிவிவரம் கிடைத்தது போல. பெண் என்பதால் வந்த இரக்கம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டுப்பாட்டைத் தினமும் எண்ணுகிறவரின் கைக்குப் பணம் போனது, அவ்வளவே.

வீட்டுக்கு வீடு குழாய் வந்துகொண்டிருக்கும் காலத்தில் அடிபம்பைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்றும் கேட்கலாம். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்து, ஊர்த் தண்ணீர்க் குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்றும், தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. பழைய பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் மேல்நிலைத் தொட்டி, மோட்டார், வால்வு, பேனல் போர்டு என்று அமைப்பு பெரிதாகப் பெரிதாகப் பழுதும் பெரிதாகிறது, அதைத் தொடுகிற உரிமை உள்ளவர்களும் குறைகிறார்கள். அடிபம்பின் பெட்டியைத் திறக்க ஒரு ஸ்பானர் போதுமாயிருந்தது. மோட்டார் ரூமுக்குப் பூட்டு உண்டு.

கடைசியாக உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் அந்தத் தபால் அட்டையின் மிச்சக் கதை அங்கேதான் இருக்கிறது. மத்திய அரசின் மகிளா சமாக்யா என்ற பெண் கல்வித் திட்டம் 1990களின் தொடக்கத்தில் அங்கே வந்தபோது, பெண்கள் முன்வைத்த முதல் பிரச்சினை படிப்பைப் பற்றியதாக இல்லை. தண்ணீர், கெட்டுக்கிடக்கும் பம்பு. எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் தலித், பழங்குடிப் பெண்களுக்கு மார்க் 2-ஐக் கழற்றி மாட்டப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பம்புகளைச் சரிசெய்ய ஆரம்பித்தபின் ஒரு புதுச் சிக்கல் வந்தது. எந்த ஊரில் எந்தப் பம்பு, எந்தப் பாகம் மாற்றியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதித் தர இன்னொருவரை நம்பியிருக்க வேண்டியதானது. அதனால் எழுத்து வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். எழுத்து வந்தபின் தாங்களே ஒரு செய்தித்தாளும் நடத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘மகிளா டாகியா’, பெண் தபால்காரர். திட்டத்தோடு அது நின்றுபோனது. பாந்தாவிலிருந்து பிரிந்த சித்திரகூடத்தில் 2002ல், அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, பெண்களே எழுதி, தயாரித்து, நடந்து போய் விற்ற ‘கபர் லஹரியா’ பத்திரிகை புந்தேலி மொழியில் தொடங்கியது. எந்த ஊரில் எந்தப் பம்பு எத்தனை நாளாக ஓடவில்லை என்பது அதில் அடிக்கடி வந்த செய்திகளில் ஒன்று.